பத்து டிகிரிக் கோட்டைத் தாண்டாத வௌவால்

வணக்கம் மக்களே. பின்னால் திரையில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். வடக்கு மெக்சிகோவில் ஆரம்பித்து, நடு அமெரிக்கா முழுக்க, அப்படியே தெற்கே இறங்கி சிலி, அர்ஜென்டினாவின் வடபகுதி வரைக்கும் சிவப்பு அடித்திருக்கிறேன். ரத்தம் குடிக்கும் வௌவால் உலகத்தில் மொத்தம் மூன்று இனம்தான், மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான் இருக்கின்றன, அதில் அதிகமாகக் காணப்படும் டெஸ்மோடஸ் வாழும் இடம் இது. நம் ஊர்க் கோவில் மண்டபத்தில் தொங்குவது எதுவும் ரத்தம் குடிக்காது, அது பாட்டுக்குத் தவளை, எலி, பூச்சி, பழம் என்று தின்றுவிட்டுப் போகும், பயப்படாதீர்கள்.

சரி, என் கேள்வி இதுதான். இந்தச் சிவப்பு ஏன் அங்கே நிற்கிறது? இறக்கை இருக்கிறது. நடுவில் கடலும் இல்லை. எல்லை தாண்டினால் டெக்சாஸ், மாட்டுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனாலும் போகவில்லை.

1973-இல் பிரையன் மெக்நாப் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆண்டிலேயே மிகக் குளிரான மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடங்களை இணைத்து ஒரு கோடு போட்டால், வடக்கிலும் சரி தெற்கிலும் சரி, இந்த வௌவாலின் எல்லை கிட்டத்தட்ட அந்தக் கோட்டோடு ஒட்டிப் போகிறது.

ஏன் என்று புரிய, அது சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். 30, 40 கிராம் எடைதான். தூங்கும் மாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கி, தரையில் நடந்தே வரும். தோலுக்கு அடியில் சூடான ரத்தம் எங்கே ஓடுகிறது என்பதை மூக்கில் இருக்கும் வெப்ப உணர்விகளை வைத்துக் கண்டுபிடிக்கும். முன்பல்லால் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான், பிறகு உறிஞ்சாது, நாக்கால் நக்கிக் குடிக்கும், எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் காயம் கசிந்துகொண்டே இருக்கும். தன் எடையில் பாதிக்கு மேல்கூடக் குடித்துவிடும். அந்தப் பாரத்தோடு எப்படிப் பறப்பது? அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் கழிக்க ஆரம்பித்து, ரத்தத்தில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

பிரச்சினை இங்கேதான். ரத்தத்தில் புரதம் நிறைய, கொழுப்பு ரொம்பக் கம்மி. உடம்பில் சேர்த்துவைக்க எதுவுமில்லை. அசல் அன்றாடங்காய்ச்சி. இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும், அதனால்தான் பட்டினியாக வந்த கூட்டாளிக்குப் பக்கத்தில் தொங்குவது தன் வயிற்றிலிருந்து ரத்தத்தைக் கக்கிக் கொடுக்கிறது. குளிர் கூடினால் உடம்பைச் சூடாக வைக்கவே அதிக ரத்தம் வேண்டும், ஆனால் ஒரு இரவில் சுமந்து பறக்கக்கூடிய அளவு கூடப்போவதில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் வரவு செலவுக்குக் கட்டாது.

அப்போ குளிர் நாட்டில் வௌவாலே கிடையாதா என்றால், தாராளமாக இருக்கிறது. நார்வேயில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயே குட்டி போடும் ஒரு இனம் உண்டு. அது பூச்சி தின்னி. கோடையில் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க உடல் வெப்பத்தைத் தாழ்த்தித் தூங்கிவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. வட அமெரிக்காவின் சின்னப் பழுப்பு வௌவாலைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வு சொல்வது, வடக்கே போகப்போகக் குளிர்காலம் நீண்டுகொண்டே போவதால், ஒரு கட்டத்துக்குமேல் வசந்தம் வருவதற்குள் கொழுப்பு தீர்ந்துபோகும் என்பதே.

ஆனால் ஒன்று, அந்த 10 டிகிரிக் கோட்டை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. குகைக்குள் இருக்கும் சூடு வேறு, வெளியே இருக்கும் சூடு வேறு. இரையும் கணக்கில் வர வேண்டும். சிலி, பெரு கடற்கரைப் பாலைவனத்தில் மாடு ஏது, அங்கே கடல் சிங்கத்தின் ரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. ஸ்பானியர்கள் மாடுகளைக் கொண்டுவந்து இறக்கியதும் இதற்கு விருந்துதான். பனியூழிக் காலத்தில் இதற்கு நெருங்கிய உறவான, கொஞ்சம் பெரிய ஒரு வௌவால் கலிபோர்னியா, புளோரிடா, மேற்கு வர்ஜீனியா வரை வாழ்ந்திருக்கிறது, புதைபடிவம் கிடைத்திருக்கிறது.

இப்போது இது மெக்சிகோவில் மெல்ல வடக்கே நகர்கிறது. 2023-இல் வந்த ஒரு ஆய்வு, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்துவருவதோடு இந்த நகர்வைத் தொடர்புபடுத்துகிறது. அமெரிக்கா பதறுவது மாடு இழக்கும் ரத்தத்துக்காக அல்ல, கூடவே வரும் வெறிநோய்க்காக. எல்லையை ஒட்டிய மாவட்டங்களில் அரசு ஆட்கள் மாடுகளின் மேல் கடித்த தழும்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1967-இலேயே டெக்சாஸில் ஒரு கைவிடப்பட்ட ரயில் சுரங்கத்தில் ரத்தம் குடிக்கும் வௌவால் ஒன்று பிடிபட்டது, ஆனால் அது டெஸ்மோடஸ் இல்லை, பறவை ரத்தம் குடிக்கும் இன்னொரு இனம், அதுவும் ஒற்றை ஆள்.

அடுத்த வீடியோவில் இதற்கு நேர் எதிர்க் கதை, ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால்கள். 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸ் பக்கம் வெயில் 42 டிகிரியைத் தாண்டியபோது ஆயிரக்கணக்கில் மரத்திலிருந்து விழுந்து செத்தன. அதைப் பேசுவோம்.