யார் குறைத்தது? சிபியு நிலைச் செய்திகளைத் தமிழில் எழுதும் முறை

[காட்சி: காரைக்குடி, செக்காலை ரோட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை. மேசையில் ஒரு மடிக்கணினி.]

சென்ற சித்திரை வெயிலில் இந்தக் கடைக்கு வந்த ஆச்சி ஒருவர், தம் மடிக்கணினியின் திரையில் இருந்த "செயலியின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்ற வரியைக் காட்டி, "யாரு தம்பி கட்டுப்படுத்துனாக?" என்று கேட்டார். கடைக்காரரிடம் விடை இல்லை. அந்த வரியிலும் இல்லை.

[திரையில்: "செயலி" என்ற சொல் மட்டும்.]

அந்த வரி செயலி என்றது, கணினியின் மூளையாக வேலை செய்யும் சிபியு என்ற சில்லை. கைப்பேசியில் நாம் நிறுவும் ஆப்பையும் இன்று செயலி என்றே அழைப்பதால், வங்கிச் செயலியில்தான் ஏதோ கோளாறு என்று ஆச்சி நினைத்திருந்தார். பாடநூலில் செயலி பொருந்தும். கணினி தன் நிலையைப் பயனருக்குச் சொல்லும் நிலைச் செய்தியில் சிபியு என்றோ பிராசஸர் என்றோ எழுதிவிடுவதே நல்லது.

சொல்லைவிடப் பெரிய சிக்கல் வினையில் இருக்கிறது. வேகம் "குறைந்தது" என்றால் தானாக நடந்தது, "குறைத்தது" என்றால் ஒன்று செய்தது என்று தன்வினை, பிறவினை பற்றிய பள்ளிப் பாடமே நமக்குச் சொல்லும். ஆனால் "கட்டுப்படுத்தப்பட்டுள்ளது" என்ற செயப்பாட்டுவினை, செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிட இடம் தருகிறது. செட்டிநாட்டுப் பேரேட்டில் யார் பெயரில் என்று எழுதாமல் ஒரு பற்றை நிறுத்த முடியுமா? சிபியுவின் வேகத்தை வேலைப்பளு பார்த்து விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் குறைக்கலாம், கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் குறைக்கலாம், மின்சேமிப்பைத் தேர்ந்தெடுத்த பயனரே குறைத்திருக்கலாம், சூடு தாங்காமல் சிபியுவே குறைத்துக்கொள்ளலாம். முதலாவது நொடிக்குப் பலமுறை நடக்கும் இயல்பான காரியம் என்பதால், அதற்குச் செய்தியே வேண்டியதில்லை.

கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவில் 37 என்ற எண்ணோடு வரும் செய்தி இதில் ஓரளவு நேர்மையானது: எந்த பிராசஸர், அதன் வேகத்துக்கு வரம்பிட்டது ஃபர்ம்வேர், முந்தைய அறிக்கைக்குப் பிறகு எத்தனை விநாடிகளாக அந்த நிலை என்பவற்றை அது கூறிவிடுகிறது. ஏன் என்பதை மட்டும் கூறுவதில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், வெப்பநிலை எல்லையைத் தாண்டியதால் சிபியுவின் கடிகார வேகம் (அது இயங்கும் வேகம்) குறைக்கப்பட்டது என்று எழுதி, இதுவரை எத்தனை முறை என்ற கணக்கையும் சேர்க்கும். முன்பு இது "மிக ஆபத்தானது" என்ற தரத்தில் பதிவானது; இன்றைய சிபியுக்களுக்கு அந்த எல்லையைத் தொடுவது அன்றாட நிகழ்ச்சி என்பதால் 2019-இல் "எச்சரிக்கை" என்ற தரத்துக்கு இறக்கினார்கள். என் கருத்தில் இது சொல்லை மாற்றுவதற்கு இணையான திருத்தம். தினமும் அலறும் செய்தியை யாரும் படிப்பதில்லை.

[திரையில்: "பவர்சேவ்".]

இதே லினக்ஸில், சிபியுவின் வேகத்தை முடிவுசெய்யும் அமைப்புகளில் ஒன்றான பவர்சேவ் என்ற ஒரே பெயருக்கு இரண்டு நடத்தைகள் உண்டு. பொதுவான முறையில் அது வேகத்தை மிகக் குறைந்த அளவிலேயே நிறுத்திவைக்கும். இன்டெல் சிபியுக்களின் வேகத்தைக் கவனிக்கும் பி-ஸ்டேட் டிரைவர் என்ற மென்பொருள் தானே முடிவெடுக்கும் முறையில், வேலைக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். இரண்டுக்கும் "மின்சேமிப்பு" என்று எழுதினால் ஒன்று பொய்யாகிவிடும். "வேகம்: எப்போதும் குறைந்த அளவில்", "வேகம்: வேலைக்கு ஏற்ப" என்று நடத்தையையே எழுதலாம்.

வேலையில்லாத நேரத்தில் சிபியு மின்சாரத்தைச் சேமிக்க இறங்கும் ஓய்வுப் படிகளான சி-நிலைகளுக்கும் சொல்லைப் பார்த்துத்தான் தேர வேண்டும். சி0 என்றால் சிபியு இயங்குகிறது. எண் கூடக் கூட மின்செலவு குறையும், மீண்டும் எழ நேரம் கூடும். பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீட்டில் முகப்பைத் திறப்பது எளிது, இரண்டாம் கட்டுவரை திறக்கச் சாவிக்கொத்தோடு நடக்க வேண்டும் அல்லவா? "சிபியு உறங்குகிறது" என்று எழுதினால் மடிக்கணினியே உறங்கப் போகிறது என்று பயனர் கருதுவார். "சிபியு ஓய்வில்" போதும்.

[காட்சி: மடிக்கணினியின் பின்மூடியைக் கழற்றுகிறார் கடைக்காரர். காற்றாடியில் பஞ்சுபோல் தூசி.]

ஆச்சியின் கணினியில் காரணம் இதுதான். அந்த வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்:

"சூடு அதிகமானதால் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. காற்று வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்."

"குறைத்துக்கொண்டது" என்பதில் வரும் "கொள்" என்ற துணைவினை, செய்தது யார், யாருக்காகச் செய்தது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. சூடு தணிந்து வேகம் திரும்பியதும், இதற்கு இணையாக இன்னொரு செய்தியும் தேவை. லினக்ஸ் அதையும் தருகிறது. முதல் வரியைக் கண்டு கவலைப்பட்டவர், அது வரும்வரை கவலையோடுதான் இருப்பார்.

[திரையில்: "சூடு தணிந்தது. சிபியு பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது."]