பெர்க்லி ஸ்பிரிங்ஸ்: தண்ணீருக்கு மதிப்பெண் போடும் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பெர்க்லி ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். அரசுப் பதிவில் அதன் பெயர் இன்றும் பாத். இங்கிலாந்தின் வெந்நீர் ஊற்று நகரத்தின் பெயரை 1776-இல் இதற்கும் வைத்தார்கள். நில அளவைக் குழுவோடு 1748-இல் இந்தப் பக்கம் வந்த பதினாறு வயது ஜார்ஜ் வாஷிங்டன், இந்த ஊற்றைத் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார். கோடையானாலும் பனிக்காலமானாலும் நீர் ஏறத்தாழ 23.5 டிகிரி செல்சியஸில்தான் ஊறுகிறது. பூங்காவில் பொதுக்குழாய் உண்டு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பிடித்துப் போகலாம்.

1991-இல் இந்த ஊர் ஒரு போட்டியைத் தொடங்கியது. பிப்ரவரி மாதக் குளிரில் பல நாடுகளின் தண்ணீர் இங்கே மேடையேறுகிறது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர், புட்டியில் அடைத்த ஊற்றுநீர், சுத்திகரித்த நீர், வாயு கலந்த நீர் என்று தனித்தனிப் பிரிவுகள். புட்டியின் அழகுக்கும் ஒரு பரிசு உண்டு. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது, பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு, தெருக்குழாய்த் தண்ணீரையும் விலை உயர்ந்த புட்டி நீரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்களே, அதுதான். 2012-இல் நகராட்சிப் பிரிவில் முதலிடம் பெற்ற கிரீன்வுட், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில நூறு பேரே வாழும் ஊர்.

நடுவர்கள் பார்ப்பவை இவை. கண்ணுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மூக்குக்கு எதுவுமே எட்டக்கூடாது. நாக்கில் சுத்தமாக, வாயில் இலேசாக இருக்க வேண்டும். விழுங்கிய பின் இன்னொரு மடக்கு கேட்க வைக்க வேண்டும். கடைசியாக, மொத்தத்தில் எப்படி என்று ஒரு மதிப்பெண்.

நல்ல தண்ணீருக்குச் சுவையே இல்லை என்று சொல்வது தவறு. நம் உமிழ்நீரிலேயே உப்பு இருக்கிறது, நாக்கு அதற்குப் பழகியிருக்கிறது. ஆகவே தாது முழுவதையும் நீக்கிய நீர் சப்பென்றிருக்கும், சிலருக்கு இலேசாகக் கசக்கும். மறுபக்கம், கரைந்த தாதுக்கள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாகக் குடிக்க நன்றாயிருக்கும். 1000-ஐத் தாண்டினால் முகம் சுளிக்கத் தொடங்குவோம். சோடியம் 200-ஐ நெருங்கினால் கரிக்கும். வரிசை முக்கியமாவது இதனால்தான். தாது குறைந்த நீரை முதலிலும் கனத்த நீரைக் கடைசியிலும் தர வேண்டும். மாற்றித் தந்தால், கரித்த நீருக்கு அடுத்து வரும் நல்ல நீர் வீணாக மதிப்பெண் இழக்கும்.

தண்ணீரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் வாடைதான். ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகும்போது வரும் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். லிட்டருக்கு 10 நானோகிராம், அதாவது பத்துக் கோடி லிட்டரில் ஒரே ஒரு கிராம் கலந்திருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். குளோரினைக் கூட்டினால் இது போகாது. கிளர்வுற்ற கரி, அதாவது உறிஞ்சும் திறனைக் கூட்டிய கரித்தூள், இதை ஈர்த்துக்கொள்ளும். நீச்சல்குள வாடை வந்தால் எல்லோரும் குளோரின் அதிகம் என்கிறார்கள். பல நேரம் நிலைமை நேர் எதிர். நீரில் உள்ள அம்மோனியாவோடு குளோரின் பாதி வழியில் சேர்ந்து டைகுளோரமைன் என்ற வாடை தரும் பொருளாகி நின்றிருக்கும். அங்கே குளோரின் அளவைக் குறைத்தால் வாடை நீங்காமலே கிருமிப் பாதுகாப்பும் குறையும். முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்திலும் தண்ணீரின் சுவை கெட்டுப்போகிறது. குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றிவிடுங்கள். அதில்தான் அழுக்கு தங்கும். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீர் வெளியேறி, நீரின் குளிர்ச்சி மாறாமல் வரும்வரை திறந்து விடுங்கள். கண்ணாடிப் புட்டி நல்லது. பிளாஸ்டிக் புட்டி வெயில் பட்டால் அதிலிருந்து அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருள் நீரில் இறங்கி, பழ வாடை தரும். வாசனைச் சோப்பு கூடாது. அதே நீரால் புட்டியை அலசி, விளிம்புவரை நிரப்பி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பரிமாறும்போது மட்டும் அறை வெப்பத்துக்கு வரட்டும்; பனிபோல் குளிர்ந்த நீரில் குறை தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பதக்கம் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. குடிநீரில் காணப்படும் அளவுகளில் ஈயம், ஆர்சனிக், நைட்ரேட் எதற்கும் சுவையில்லை. அவற்றை ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும், நாக்கு கண்டுபிடிக்காது. பாதுகாப்பானது என்று சோதனையில் தேறிய நீரை மட்டுமே சுவைக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் குடிநீர் நிலையத்திலும் இந்தச் சுவைச் சோதனையைச் சிறிதாகச் செய்யலாம். மூன்று கண்ணாடி டம்ளர்கள், இரண்டில் ஒரே நீர், மூன்றாவதில் வேறு நீர். எது வேறு என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதனால் இரண்டு மூன்று பேர் சொன்னதை நம்பாமல், இருபது முப்பது பேரிடம் கேளுங்கள். டம்ளர்களின் இடத்தை ஒவ்வொருவருக்கும் மாற்றி வையுங்கள். வெற்றிலை, புகை, காபி முடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். இப்படி மாதம் ஒருமுறை பதிவு செய்து வந்தால், பாசி வாடையை ஊரார் புகார் சொல்வதற்கு முன்பே நிலையத்தில் பிடித்துவிடலாம்.