முதல் இலை எத்தனை மணிக்கு?

நேயர்களுக்கு வணக்கம். கிழக்கு எத்தியோப்பியாவில் மனநல மருத்துவராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே ஹரர் நகருக்குப் பக்கத்தில் அவடாய் என்றொரு ஊர். அதன் சந்தையில் பெரிய வியாபாரமே ஓர் இலைதான். நாம் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல, கட்டைப் பிரித்துக் கொழுந்து வாடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். எத்தியோப்பியாவில் சாட், கென்யாவில் மிரா, ஏமனிலும் சோமாலியாவிலும் காத் என்று அதற்குப் பெயர்.

கொழுந்தில் இருப்பது கேத்தினோன் என்ற வேதிப்பொருள். 1975இல் ஐ.நா. ஆய்வகத்தில் அதைக் கண்டறிந்தார்கள். தூக்கத்தை விரட்டி ஊக்கம் தரும் போதைப்பொருளான ஆம்பெட்டமினுக்கு நெருங்கிய உறவு. பறித்து இரண்டு நாள் போனால் வீரியம் பெருமளவு குறைந்துவிடும். அதனால்தான் இசுசு லாரிகள் இலைக்கட்டுகளோடு மலைப்பாதையில் அப்படிப் பறக்கின்றன.

மதியச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் கூடி உட்காருவார்கள். ஒவ்வோர் இலையாக மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். முதல் ஒரு மணி நேரம் பேச்சு களைகட்டும். கடன் அடையும், வீடு எழும்பும், பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் ஆகும். அப்புறம் ஒவ்வொருவராக அமைதியாகிவிடுவார்கள். இரவில் தூக்கம் வராது. அதற்குச் சிலர் பீர் குடிப்பார்கள், சிலர் தூக்க மாத்திரை போடுவார்கள். காலையில் உடம்பு கல்லாகக் கனக்கும், எழுந்திருக்க மறுபடியும் இலை வேண்டும்.

இந்த இலை பைத்தியம் பிடிக்க வைக்குமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் அளவுக்கு மீறி மெல்பவர்களில் சிலருக்குச் சந்தேகம் முற்றும், காதில் குரல்கள் கேட்கும். இலையை நிறுத்தி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். திரும்ப மென்றால் திரும்ப வரும். ஏற்கெனவே மனச்சிதைவு இருப்பவருக்கு நோய் இன்னும் மோசமாகும்.

சோமாலிலாந்தின் ஹார்கெய்சா நகரில் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு செய்தார்கள். 2005இல் வெளியானது. மனநோய் கண்டவர்கள் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே காத் மெல்லத் தொடங்கியிருந்தார்கள், அதிகமாகவும் மென்றார்கள். அவர்களில் பழைய போராளிகள் நிறைய. போரைப் பார்த்த மனிதன் கெட்ட கனவுக்குப் பயந்து விழித்திருக்க இலையைத் தேடுகிறான். அந்த இலையே அவன் தூக்கத்தைப் பறித்துக்கொள்கிறது. இதில் எது முந்தி, எது பிந்தி என்று பிரிப்பது லேசில்லை. அதனால்தான், "இவன் இலைக்கு அடிமை" என்று ஒரே வரியில் எழுதி கேஸ் சீட்டை மூடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தடை போட்டால் சரியாகிவிடுமா? பிரிட்டன் 2014இல் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவோ, 2006இல் இந்த இலைக்குச் சர்வதேசக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைக்கவில்லை. என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவருக்கு இரண்டுமே பெரிதாக உதவவில்லை. நான் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: முதல் இலை எத்தனை மணிக்கு? யாரோடு?

அந்த இலை லாரி ஓட்டும் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். பின்னால் ஒரு வண்டி துரத்துகிறது என்று நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். இரவில் 'துக்காக்' வந்து தன்னைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறது என்றார். இலை மெல்பவர்கள் கெட்ட கனவுக்கு அந்தப் பக்கம் சொல்லும் பெயர் அது. என் கேள்விகளைக் கேட்டேன்.

"நாலு மணிக்கு. விடிகாலை. வண்டியில், தனியாக" என்றார்.

"முன்னெல்லாம் சாயங்காலம் அண்ணன் தம்பிகளோடுதான் மெல்லுவார்" என்றார் மனைவி. எப்போது மாறியது என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ஏழு மாதம். அதுவரை யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை.