மூன்று நிமிடம், ஒரு நன்றி

வணக்கம் மக்களே. காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன், அதனால் வெளிச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கும். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் போர்டு மீட்டிங்கிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்றால், மனதில் இருப்பதில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அதனால் இங்கே, பார்க்கிங்கிலேயே பேசிவிடுகிறேன்.

ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை அந்தந்த வட்டாரத்து ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான் நடத்துகிறது. நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 13,000 டிஸ்ட்ரிக்ட்கள். பெரும்பாலும் நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு அதன் தலைமையில் இருக்கும். பட்ஜெட், பாடத்திட்டம், கட்டட வேலை என்று எல்லாம் அந்த போர்டு கூடும் கூட்டத்தில்தான் முடிவாகும். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில்.

மே மாதக் கூட்டம் மற்ற மாதங்களைப் போல இருக்காது. பாராட்டு மாதம் அது. ஓய்வு பெறுகிற ஊழியர்கள், அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர், போட்டிகளில் வென்ற பிள்ளைகள் என்று வரிசையாக அழைப்பார்கள். இன்று நான் போனது என் பையனுக்காக. மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறான். அவனுக்கு ரீகிளாசிஃபிகேஷன் ஆனதற்கு ஒரு மெடல் கொடுத்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகள் பலவற்றில் நடக்கிற கதை இது. இங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். குழந்தை முதன்முதலில் பேசத் தொடங்கியபோது கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்றெல்லாம் அதில் கேள்வி இருக்கும். நான் தமிழ் என்று எழுதினேன். அதுதான் உண்மை. உடனே பிள்ளைக்கு எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் 'இங்கிலீஷ் லேர்னர்' என்ற பட்டியலில் பெயர் சேரும். ஒவ்வொரு வசந்த காலத்திலும் மறுபடி தேர்வு. அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வருவதைத்தான் ரீகிளாசிஃபிகேஷன் என்பார்கள். அதற்கு அந்தத் தேர்வு மட்டும் போதாது. ஆசிரியரின் மதிப்பீடு வேண்டும், பெற்றோரின் கருத்தைக் கேட்பார்கள், அடிப்படைத் திறன்களில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்றும் பார்ப்பார்கள்.

"ஏன் தமிழ் என்று எழுதினாய், ஆங்கிலம் என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று எனக்கு எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? அக்கறையோடு சொன்னவர்கள்தான். எனக்கும் ஒரு கட்டத்தில் தப்புச் செய்துவிட்டோமோ என்று இருந்தது. மற்ற பிள்ளைகள் வேறு வேலை செய்யும்போது இவன் மட்டும் ஆங்கில வகுப்புக்கு எழுந்து போவான். ஒரு நாள் இரவு, "அம்மா, எனக்கு இங்கிலீஷ் சரியாக வராதா?" என்று கேட்டான். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போர்டு உறுப்பினர்கள் எல்லாரும் மேடையிலிருந்து இறங்கி வரிசையாக நின்று கைகொடுத்தார்கள். அவனோடு இன்னும் முப்பது நாற்பது பிள்ளைகள். ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள், வியட்நாமியப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தாத்தாவோ பாட்டியோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இந்தப் பிள்ளைகள் வீட்டு மொழியை விடாமல் இன்னொரு மொழியையும் கற்றிருக்கிறார்கள்" என்று டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. என் பையன் மெடலைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான்.

அதற்கு அடுத்து என்ன வந்தது தெரியுமா? சீல் ஆஃப் பைலிட்டரசி. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டிப் பள்ளியை முடிக்கிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டிப்ளமாவில் ஒட்டித் தருகிற பொன் முத்திரை. இதற்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியாதான், 2011-ல். இன்று வாங்கியவர்களில் ஒரு பெண் தமிழுக்காக வாங்கினாள். பல வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய், தேர்வு எழுதி வாங்கியது. அவளுடைய அம்மாவிடம் பேசினேன். கிண்டர்கார்டனில் அவளும் இங்கிலீஷ் லேர்னர் பட்டியலில் இருந்தவள்தானாம். படிவத்தில் தமிழ் என்று எழுதத் தயங்குகிறவர்கள் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தைரியமாக உண்மையை எழுதுங்கள்.

பிள்ளைகளைப் பாராட்டுவது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதலிடத்துக்கு மட்டும் என்று வைத்தால் ஒரே நாலு பிள்ளைகள்தான் எப்போதும் மேடை ஏறுவார்கள். ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு தருகிற வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. அது வேண்டாம். காய்ச்சல் வந்த குழந்தை என்ன தப்புச் செய்தது? இன்று கடினமான ஒன்றைத் தாண்டி வந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அழைத்திருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, இனி ஊழியர்கள் விஷயம்.

இங்கே மே முதல் முழு வாரம் ஆசிரியர் பாராட்டு வாரம். கலிபோர்னியாவில் மே இரண்டாவது புதன்கிழமை ஆசிரியர் தினமும் உண்டு. வகுப்புக் கதவை அலங்கரிப்பார்கள், பூ வரும், கிஃப்ட் கார்டு வரும், பெற்றோர் சேர்ந்து மதிய உணவு ஏற்பாடு செய்வார்கள். செய்யத்தான் வேண்டும், ஆசிரியர்கள் அதற்கு முழுக்கத் தகுதியானவர்கள். ஆனால் பள்ளியில் ஆசிரியர் அல்லாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் ஓட்டுகிறவர், உணவு பரிமாறுகிறவர், இரவில் சுத்தம் செய்கிற கஸ்டோடியன், ஆபீஸ் கவுன்டரில் இருப்பவர், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கூடவே இருக்கிற பாரா எஜுகேட்டர். இவர்களை இங்கே கிளாசிஃபைட் ஊழியர்கள் என்பார்கள். இவர்களுக்கும் ஒரு வாரம் இருக்கிறது, மே மூன்றாவது முழு வாரம். 1986 முதல் மாநிலமே அனுசரிக்கிறது. பெற்றோர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன வருடம்தான் தெரிந்தது. மே முதல் வெள்ளிக்கிழமை உணவு ஊழியர்களுக்கென்று 'ஸ்கூல் லஞ்ச் ஹீரோ டே' 2013 முதல் இருக்கிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

நான் எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவள். தட்டை நீட்டியதும் முகத்தைப் பார்த்தே, "இன்னைக்கு ஏம்மா வாடிப்போயிருக்கே" என்று கேட்பார் எங்கள் சத்துணவு ஆயா. இங்கே கலிபோர்னியாவில் 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் இலவச உணவு. நாட்டிலேயே முதலில் இப்படிச் செய்த மாநிலம் இது. என் பையன் பள்ளியில் பரிமாறுகிற அம்மா, அவன் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான் என்று தெரிந்து, அன்றைய மெனுவில் அது இருந்தால் அவன் வரிசையில் வரும்போதே தலையசைத்து வேறு தட்டைக் காட்டுவாராம். யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஊர் மாறினாலும் ஆயா மாறவில்லை என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

இன்று ஓய்வு பெறுகிற பஸ் டிரைவர் ஒருவரைப் பாராட்டினார்கள். 27 வருடம் ஓட்டியவர். தீர்மானத்தை வாசித்தார்கள்: "அர்ப்பணிப்புடன், சிறப்பாக, பல்லாண்டு..." எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அடுத்து ஓய்வு பெற்றவருக்கும் அதே வார்த்தைகள், அதற்கடுத்தவருக்கும் அதே. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன் எழுந்து மைக்குக்கு வந்தான். அந்த பஸ்ஸில் போன பையனாம், இப்போது வேலைக்குப் போகிறான். அவன் சொன்னது இவ்வளவுதான்: "மழை பெய்தாலும் நீங்கள் இறங்கி, கையில் ஸ்டாப் பலகையைப் பிடித்து, என்னைச் சாலை தாண்ட வைப்பீர்கள். அப்புறம் என் வீட்டுக் கதவு திறக்கிற வரை பஸ்ஸை எடுக்க மாட்டீர்கள். என் அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாட்களில் அந்தக் கதவைப் பாட்டி மெதுவாகத்தான் வந்து திறப்பார். நீங்கள் ஒரு முறைகூட ஹாரன் அடித்ததில்லை."

எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பஸ் நிற்கிற சாலையைக் கடக்க வேண்டுமென்றால் டிரைவர் இறங்கிக் கூட்டிப் போக வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். கதவு திறக்கும் வரை காத்திருந்தது சட்டத்துக்காக இல்லை. அந்த டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் வாசித்தபோது அவர் முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை இருந்தது, அவ்வளவுதான். அந்த ஹாரன் விஷயத்தைச் சொன்னபோதுதான் முகமே மாறியது.

பாராட்டு என்றால் இன்ன நாளில், இன்ன காரியம் செய்தீர்கள், அது எனக்கு இப்படி உதவியது என்று சொல்வதுதான். "உங்கள் சேவைக்கு நன்றி" என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் அது அலமாரிக்குப் போய்விடும். ஹாரன் அடிக்காததைச் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார்.

மனது கஷ்டப்பட்ட ஒரு விஷயமும் இன்று நடந்தது. என் பையன் பள்ளியின் இரவு கஸ்டோடியனுக்கும் ஒரு சான்றிதழ் இருந்தது. அவர் பெயரை அழைத்தார்கள், அவர் வரவில்லை. பிரின்சிபால் வந்து வாங்கிக்கொண்டார். ஏன் வரவில்லை? மாலை ஆறு மணிக் கூட்டம். அவர் ஷிப்ட் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடிகிறது. அவரைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எங்கள் பிள்ளைகளின் வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் ஒரு மணி நேரம் அவருக்குப் பதில் ஆள் போட முடியாதா? ஒருவரைக் கௌரவிக்க நேரம் குறிக்கும்போது, அவரால் வர முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. போட்டோ எடுத்து முடிந்ததும் குடும்பங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. இருநூறு பேர் இருந்த அறையில் கடைசியில் பதினைந்து பேர்கூட இல்லை. அதன் பிறகுதான் பட்ஜெட் பேசினார்கள். அதில் அடுத்த ஆண்டு பாரா எஜுகேட்டர்களின் வேலை நேரத்தைக் குறைப்பது பற்றிய ஒரு யோசனையும் இருந்தது. அரை மணி நேரம் முன்பு கைதட்டல் வாங்கிய அதே ஊழியர்கள். கைதட்டிய நாங்கள் அங்கே இல்லை. பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது, எனக்கும் புரிகிறது. நான் என் பையனைக் கணவரோடு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த முறை உங்களில் ஒருவராவது உட்காருங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் 1953-லிருந்து பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும். எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் பெரும்பாலும் புகார்தான் வருகிறது. புகாரும் வேண்டும். ஆனால் நன்றி சொல்லவும் அதே மைக்தான். அடுத்தவர் பிள்ளையின் பெயரையோ விவரத்தையோ மட்டும் அங்கே சொல்லாதீர்கள். கூட்டத்தைப் பதிவு செய்கிறார்கள்.

மேடையில் பேசக் கூச்சமாக இருந்தால் பிரின்சிபாலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாலு வரி போதும்: யார், என்ன செய்தார், எப்போது. இதை அவருடைய பணிப் பதிவு ஃபைலில் சேருங்கள் என்று கேளுங்கள். கிஃப்ட் கார்டு ஒரு வாரத்தில் செலவாகிவிடும். அந்தக் கடிதம் நாளை அவர் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் உதவும்.

நான் அடுத்த கூட்டத்தில் அந்த கஸ்டோடியனைப் பற்றிப் பேசப் போகிறேன். கிளம்பும்போது பிரின்சிபாலைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அன்று ஆறிலிருந்து ஏழு வரை அவருக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன பேசுவது என்று இப்போதே போனில் எழுதி வைத்துவிட்டேன், வாசிக்கிறேன் கேளுங்கள்:

"ஜனவரியில் என் மகன் வகுப்பில் ஒரு நீல நிற மஃப்ளரை விட்டுவிட்டான். ஊரில் என் அம்மா பின்னி அனுப்பியது. மறுநாள் போனபோது அது துவைத்து, மடித்து, அவன் நாற்காலியில் இருந்தது. அதில் ஓரிடத்தில் நூல் பிரிந்திருக்கும். அந்த இடத்தில் யாரோ சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நேரம் வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி இரண்டு நிமிடத்துக்கு என் பையன் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.