அடைமழை நாளில் புத்தகமே துணை

நடுவர் அவர்களே, ஆரம்பாக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லை கடந்து தடாவிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். வீட்டுக்குள் முடங்க நேரும் நாட்களில் மனத்துக்குத் துணை நிற்பது புத்தகமா, தொலைக்காட்சியா என்ற வழக்கில் நான் புத்தகத்துக்காக, அதிலும் அறிவியல் புனைகதைக்காகப் பேசுகிறேன்.

அறிவியல் புனைகதை நடக்காத கதை, புயலில் அகப்பட்டவனுக்கு அதனால் என்ன பயன் என்று எதிரணி நண்பர் கேட்டார். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய துகள்கள் வானை மறைத்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழையில் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுத முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான, பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட 18 வயதுப் பெண் அங்கே தொடங்கிய கதைதான் 1818-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற அறிவியல் புனைகதை நாவலாக வெளிவந்தது.

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள்கள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் கட்டுரை எழுதியவரும், புனைகதையால் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க்தான். 2024 பிப்ரவரியில் பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதை நாம் மொட்டைமாடியில் நின்று பார்த்தோமே, அந்த இன்சாட் 3டிஎஸ் வானிலைக் கோளும் அந்த உயரத்திலிருந்துதான் நம் கடலைக் கண்காணிக்கிறது.

மழை நாளில் தொலைக்காட்சி ஒரே வெள்ளத்தை மணிக்கு மணி காட்டி, நம் கவலையை நம்மிடமே திருப்பித் தருகிறது. அறிவியல் புனைகதையோ உலகின் ஒரேயொரு விதியை மாற்றிவைத்து, இனி என்ன ஆகும் என்று நம்மையே கணக்குப் போடச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இறங்கிய மனத்துக்குக் கவலையைச் சுற்றிச் சுற்றி வர நேரமிருப்பதில்லை.

புத்தகம் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிடும் என்றும் சொன்னார்கள். 2023 மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனதும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது, ஆனந்த விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துத் தைத்து வைத்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. தாள்கள் பழுத்து ஓரம் உதிர்ந்த அந்தத் தொடரை எமர்ஜென்சி விளக்கில் என் மகள் உரக்கப் படித்தாள். அடைக்கலமாக வந்திருந்த அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு நான் இடையிடையே தெலுங்கில் சொன்னேன். அலுத்தபோது பயணக்கட்டுரைக்கும் பழைய தீபாவளி மலருக்கும் சமையல் குறிப்புக்கும் தாவினோம். அப்படி மாற்றி மாற்றிப் படிப்பதில்தான் எனக்கு ருசி. சுஜாதாவின் கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு வலிக்குமா என்று என் மாமியார் எழுப்பிய ஐயத்துக்கு, மின்சாரம் வந்த பிறகும் தொலைக்காட்சியைப் போடவிடாமல் அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார், நடுவர் அவர்களே.