வீட்டுச் சேர்வருக்கு ஒரு பெயர்

வணக்கம் நேயர்களே.

வீட்டு மேசையில் ஓடும் சிறு கணினியைச் சேர்வராக்கி, அதில் இணையத்தளம் வைத்து, அதற்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயரும் கொடுக்க விரும்புவோருக்கான பேச்சு இது.

பெயருக்குக் காசு கட்டுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' (WAN), அதாவது வெளி இணைப்பு என்ற இடத்தில் ஓர் ஐபி முகவரி இருக்கும்; இணையத்தில் ஒரு கருவியைக் காட்டும் இலக்கம் அது. நம் ஐபியைக் காட்டும் தளம் ஒன்றை அதே இணைப்பில் திறந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் நல்லது; அது வெளியிலிருந்து நேரே வரக்கூடிய பொது ஐபி. ரவுட்டரில் உள்ளது 10 இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்கின்றன, ஓர் ஒழுங்கைக்கே ஒரு படலை என்று அர்த்தம். வெளியிலிருந்து வருபவர் எந்த வீட்டைத் தேடுகிறார் என்று அந்தப் படலைக்குத் தெரியாது. சிம் போட்ட ரவுட்டர்களில் இது சர்வசாதாரணம். உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பலனில்லை. இணைப்புத் தரும் நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். கிடைக்காவிட்டால், சேர்வரே உள்ளிருந்து வெளியே இணைப்பை எடுத்து வைத்திருக்கும் கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற வழியைப் பிடியுங்கள்.

பொது ஐபி உள்ளவர்கள், ரவுட்டரில் சேர்வருக்கு 192.168.1.50 போல மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்கி, இணையத்தளத்துக்கான வாசல்களான 80, 443 ஆகிய இரு போர்ட்டுகளை மட்டும் அதற்குத் திருப்புங்கள். சேர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் 22 வேண்டாம். டொமைன் பதிந்த இடத்தில், பெயரை ஐபியோடு இணைக்கும் 'ஏ' பதிவில் பொது ஐபியை எழுதுங்கள். அந்தப் பதிவை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் 300 விநாடி போதும். பலர் இங்கே உள்முகவரியை எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குள் தளம் அழகாகத் திறக்கும், வெளியே ஒருவருக்கும் திறக்காது. நேர்மாறாகவும் நடக்கும்: எல்லாம் சரியாக இருந்தும், வீட்டு வைஃபையில் ரவுட்டரின் பக்கமே வந்து நிற்கும். சில ரவுட்டர்கள் உள்ளே இருப்பவரை வெளியே சுற்றிவர விடுவதில்லை. ஆகவே வைஃபையை நிறுத்தி, கைத்தொலைபேசி டேட்டாவில்தான் சோதிக்க வேண்டும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாம்; டொட் இலங்கை என்ற முடிவு 2010 இலிருந்து இருக்கிறது. நம் மொழியில் முகவரி எழுத முடிவது சிறிய விடயமல்ல. ஆனால் உலாவி அதை எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவமாக மாற்றியே அனுப்பும். சேர்வரில் தளத்தை வழங்கும் நிரலான என்ஜின்எக்ஸின் அமைப்பில் அந்த வடிவத்தைத்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் சேர்வர் பெயரை அடையாளம் காணாமல், வேறு தளத்தைக் காட்டும்.

பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுக் குறிக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாளுக்குச் செல்லும். வழக்கமான முறையில் புதுப்பிக்கும்போது 80 ஆம் போர்ட்டுக்கே வந்து சரிபார்ப்பார்கள். 443 இருக்கிறதே என்று 80 ஐ மூடிவிட்டால், மூன்று மாதத்தில் தளம் எச்சரிக்கையோடு நிற்கும்.

கடைசியாக மின்வெட்டு. ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்பும்போது புது ஐபி வரலாம். பதிவில் பழையதே இருக்கும். டிடிகிளையன்ட் என்ற சிறு நிரலைச் சேர்வரில் போட்டால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து அதுவே திருத்திவிடும். யூபிஎஸ் வாங்கினால் சேர்வரை மட்டும் அதில் கொழுவாதீர்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து ஓட வேண்டும்.

நன்றி, வணக்கம்.