மாலை கழற்றிய மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம். கார்த்திகை பிறந்தால் எங்கள் குடிநோய் வார்டில் கூட்டம் குறையும். தை பிறந்ததும் மறுபடி நிரம்பும். காரணம் உங்களுக்கே தெரியும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் மறுநாளே டாஸ்மாக் வாசலில் நிற்பார். "சாமிக்குப் பயந்துதான் சும்மா இருந்தான்" என்பார்கள் வீட்டில். பயம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படி வருஷம் தவறாமல் மாலை போட்டு, வருஷம் தவறாமல் விழுந்த ஒரு கொத்தனார் வந்தார். விரத நாளில் பொழுது எப்படிப் போனது, மணிவாரியாகச் சொல்லுங்கள் என்றேன். விடியுமுன் குளியல். வேளாவேளைக்குச் சாப்பாடு. சித்தாள் முதல் மேஸ்திரிவரை எல்லோருக்கும் அவர் 'சாமி'. சனிக்கிழமை கூலி வாங்கியதும் கட்டிங் போடக் கூப்பிடுகிற கூட்டாளி, இவரைக் கண்டால் பீடியை மறைத்துக்கொண்டு ஒதுங்கினார். சாயங்காலம் பஜனை. அப்புறம் பாய்.

"சரி, கழற்றினதும்?" என்றேன்.

"ஆறு மணிக்கு எங்க போறதுன்னே தெரியல சார்."

அந்த ஆறு மணிதான் விஷயம். குடியை விடுவதைப் பற்றி ஊரே புத்தி சொல்லும். விட்டவர் ஆறு மணிக்கு என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மணி, ஆறு மணி என்று நான் புலம்புவதை வார்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

கொத்தனாருக்கு நாங்கள் செய்தது பெரிய வித்தை இல்லை. கடை இல்லாத தெருவழியாக வீடு திரும்பச் சொன்னோம். பசி வேறு, குடிக்கிற ஆசை வேறு என்று அந்த நேரத்தில் உடம்புக்குப் பிரித்துத் தெரியாது. அதனால் ஐந்து மணிக்கே வயிற்றுக்கு ஒரு சுண்டல். சனிக்கிழமை கூலி நேரே மனைவி கைக்கு. பஜனை நேரத்தில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்; குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற இயக்கம். அந்த இயக்கமே இப்படித்தான் பிறந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் ஒரு ஹோட்டலில் தனியாக மாட்டிக்கொண்டார். பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப். அந்த இருவர்தான் தொடக்கம்.

ஒன்று மட்டும் நாங்கள் சொல்லாமலே நடந்தது. மாலை கழற்றிய பிறகும் கொத்தனாரின் மனைவி, "சாமி, சாப்பிட வாங்க" என்றே கூப்பிட்டார். பல வீடுகளில் வாசலிலேயே "எங்க, வாயை ஊது" என்பார்கள். சந்தேகம் நியாயம்தான், பட்டவர்கள் அவர்கள். ஆனாலும் தினமும் ஊதச் சொன்னால், 'குடிக்காமலே இந்தப் பேச்சா' என்று தோன்றிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மருந்துகள் பற்றிச் சொல்ல வந்தது நின்றுபோகிறது. இரண்டு எச்சரிக்கை மட்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடுங்கள். அடுத்தது, விட்டபின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது. நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். மனச்சோர்வு நீங்காமல் இருந்தால், சாகலாம் போல் இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். வணக்கம்.